உறுமல் நின்றுபோன வீடு

கால்நடை மருந்தகத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் மேசைக்கு முன்னால் கூடிய சீக்கிரம் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து நிற்பார். "டாக்டர், எங்க நாய் இப்பல்லாம் சோத்துத் தட்டுகிட்ட உறுமறதே இல்ல" என்பார். நீங்களும் சிரித்து, நல்லது என்று சொல்லி அடுத்த ஆட்டைக் கூப்பிடுவீர்கள். தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அந்த மனிதரை நிறுத்தி வையுங்கள். எனக்கு அந்தச் செய்தி வந்த நாளை நினைத்தால், ஓய்வு பெற்றுத் திருநின்றவூர் அடுக்குமாடி வீட்டில் போகிற ரயில்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இப்போதும் எண்ணிக்கை தப்பிவிடுகிறது.

நான் எதையும் எண்ணுகிறவன். மாடிப்படி, மாத்திரை, தெருவில் எரியாத விளக்கு, எல்லாம். "இன்னிக்கு சுவத்துல பல்லி எத்தனை, எண்ணியாச்சா?" என்று என் மனைவி காப்பியோடு சேர்த்துக் கேலியும் கொடுப்பாள். ஆனால் வேலையில் அந்தப் பழக்கம் ஒரு விஷயத்துக்குப் பயன்பட்டது. பல நாய் வளர்க்கும் வீட்டில் நான் நாய்களை எண்ணமாட்டேன். அதை அவர்களே பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். தட்டுகளை எண்ணுவேன். பிறகு கதவுகளை எண்ணுவேன். நீங்களும் எண்ணுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

நான் கடைசியாக வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மருந்தகத்தில். மாடும் ஆடும் வந்துகொண்டிருந்த இடத்துக்குத் தொழிற்சாலைகள் பெருகப் பெருக நாய்களும் வர ஆரம்பித்தன. ஒரு தொழிற்சாலை மூடினால் காவலாளி வேறு வேலைக்குப் போய்விடுவார். வாசலில் அவர் சோறு போட்ட நாய் அங்கேயே நிற்கும். சில வாரம் பட்டினி கிடக்கும். மனசு பொறுக்காத யாராவது வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். ராஜா என்ற செந்நிற நாய் ஏழுமலை வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

ஏழுமலை தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொள்கிறவர். அவர் என்னிடம் முதலில் தூக்கி வந்தது ராஜாவை அல்ல, குள்ளனை. கால் குட்டையாக, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி ஒரு நாய். காது பாதி கிழிந்து தொங்கியது.

"யாருப்பா கடிச்சது?"

"வேற யாரு சார், ஊட்ல இருக்கறவன்தான். ராஜா. சோத்துல சண்டை."

"மொத்தம் எத்தனை நாய்?"

"மூணு சார். ராஜா, இவன், அப்பால ஜிம்மி. ஜிம்மி கெயவி, பல்லே கெடையாது. இவுனுங்க அட்ச்சிக்கினா அது கட்டிலுக்கு அடியில பூந்துக்கும்."

"தட்டு எத்தனை?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தட்டா? ஒண்ணுதான். பெரிய தாம்பாளம்."

அப்புறம்தான் அந்தத் தாம்பாளத்தின் கதை வந்தது. ஏழுமலை பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். வலை கரை சேர்ந்ததும் பிடித்ததையெல்லாம் மணலில் கொட்டி, வலை இழுத்த எல்லார் கண் முன்னாலும் சமமாகப் பங்கு பிரிப்பார்களாம். பங்கு பிரிக்கும்போது எவன் குரலை உயர்த்துகிறானோ, அன்றைக்கு அவன் பங்கு மற்றவர்களுக்கு. அது அவருடைய அப்பா வைத்த சட்டம். "அதனாலதான் சார் எங்க அப்பா வலையில அடிதடியே கெடையாது" என்றார். அதே சட்டம் இப்போது நாய்களுக்கு. மீன் தலை வேகவைத்துப் பிசைந்த சோற்றைத் தாம்பாளத்தில் மூன்று குவியலாக வைப்பார். ராஜா உறுமினால் அவன் குவியலை எடுத்து மற்ற இரண்டுக்கும் போட்டுவிடுவார். அவன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"கொஞ்ச நாள் சார். திருந்திடுவான்."

நான் சொன்னேன்: மூன்று தட்டு, மூன்று இடம், நடுவில் கதவு. அந்த உறுமல் திமிர் இல்லை. 'கிட்டே வராதே, எனக்குப் பயமாயிருக்கிறது' என்று சொல்ல அவனிடம் இருக்கும் ஒரே வார்த்தை அது. மூடின தொழிற்சாலை வாசலில் பட்டினி கிடந்தவனிடம் போய் நீ தட்டைப் பிடுங்கினால், அவன் பயந்தது சரி என்று நீயே நிரூபிக்கிறாய்.

"இன்னா சார், குடும்பத்துல பாகப்பிரிவினை பண்ண சொல்றே? ஒண்ணா துன்னாதான ஒத்துமை?"

பின்னால் ஆட்டுக்குட்டியோடு நின்ற ஒரு பெண்மணி, "எங்க ஊட்ல எனக்கும் மாமியாருக்கும் நடுவுலயே கதவு கெடையாது, நாய்க்கு கேக்குதாம் கதவு" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. ஏழுமலையும் சிரித்தார். டாக்டர் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்கிற அளவுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், மருந்தகம் சாத்துகிற நேரத்துக்கு, கையில் ஒரு பை இறாலோடு வந்தார். ஏரியிலிருந்து அவர் சித்தப்பா கொடுத்தனுப்பியது, எனக்காகப் பாதி எடுத்து வந்திருந்தார். வேண்டாம் என்பதற்குள் பை என் கைக்கு வந்துவிட்டது.

"கேஸ் முடிஞ்சிது சார்! ராஜா உறுமறதே இல்ல. நானே கைய உட்டு அவன் பங்க எடுத்தாகூட கம்முனு நிக்கிறான்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எப்படி நிக்கிறான்?"

"செலை மாரி சார்."

"வால்?"

"ஆட்டறதில்ல. நேரா வெச்சிக்கினு நிப்பான்."

"குள்ளன் கிட்ட வந்தா?"

"தலையத் திருப்பமாட்டான் சார். கண்ணு மட்டும் போவும். வெள்ளை முழி தெரியும். அப்பால மூச்சு உடாம துன்னுடுவான். அவ்ளோ டீசன்ட்டு ஆயிட்டான்."

ஒவ்வொன்றையும் பரிசு வாங்கிய பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போல அவர் சொல்லிக்கொண்டே போனார். நாய் மாறவில்லை. பயமும் குறையவில்லை. பயத்தைச் சொல்லுகிற அந்த ஒரு வார்த்தையைத்தான் இவர் பறித்திருக்கிறார். அடுத்தது என்ன என்று நினைத்து முடிப்பதற்குள் அவரே சொன்னார்.

"பொண்ணு சுகன்யா வந்துகிது சார், பேத்தியோட. பாப்பா இப்பதான் தவழுது. ஊடு பூரா அதோட ராஜ்ஜியந்தான்."

"ஏழுமலை, இன்னிக்குச் சோறு வெக்கறப்போ நான் வரேன். அதுவரைக்கும் தாம்பாளத்தைத் தரையில வெக்கக் கூடாது. பாப்பாவை ரூம்ல வெச்சு மூடச் சொல்லு. இப்பவே ஃபோன் பண்ணு."

"இன்னா சார் இது பேஜாரு! நல்ல சேதி சொல்ல வந்தா..." என்று முணுமுணுத்துக்கொண்டே பண்ணினார். மறுமுனையில் அவர் மனைவி கஸ்தூரி. "டாக்டருக்கு எறா குட்த்தியா இல்லியா? நம்ம ஊட்டுக்கா வராரு? சரி சரி, மூடிக்கிறேன்."

மூடிக்கிறேன் என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து, எங்களை உரசிப் போன கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டு போனேன். எப்போதும் போல நடுவில் எண்ணிக்கை தப்பியது.

வீட்டு வாசலில் இறங்கி கேட்டைத் திறந்ததும் இரண்டு அதிர்ச்சி. முதலாவது, தாம்பாளம் தரையில் இருந்தது. டாக்டர் வரும்போது நாய்கள் ஊளையிட்டுக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று, நாங்கள் வருவதற்குள் முடித்துவிட நினைத்துக் கஸ்தூரி முன்கூட்டியே சோறு வைத்துவிட்டிருந்தார். இரண்டாவது, அந்த வீட்டு அறைக்குக் கதவே இல்லை. நிலைப்படியில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதைத்தான் அவர் மூடியிருந்தார்.

முன்கூடத்துச் சிமெண்ட் தரையில் தாம்பாளம். அதன் மேல் குனிந்து ராஜா, நாலு காலும் ஊன்றி, விறைத்து. எட்ட நின்று குள்ளன் பார்த்துக்கொண்டிருந்தான். ஜிம்மியைக் காணோம். தாம்பாளத்திலிருந்து சிதறிய ஒரு மீன் தலை திரைக்கும் ராஜாவுக்கும் நடுவில் கிடந்தது. புடவையின் கீழ் விளிம்பு அசைந்தது. முதலில் ஒரு குட்டிக் கை வந்தது. அப்புறம் தலை. பாப்பா அந்த மீன் தலையைப் பார்த்துவிட்டது.

"ராஜா!" என்று கத்திக்கொண்டு ஏழுமலை பாய்ந்தார். அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். அவர் கை கழுத்துப் பட்டையை நோக்கிப் போவதை ராஜா எப்படி எடுத்துக்கொள்வான்? மறுபடி பிடுங்க வருகிறார்கள் என்று. இந்த இடத்தில் நீங்கள் செய்யத் தோன்றுவதையெல்லாம் செய்யாமல் இருக்க வேண்டும். கத்தக் கூடாது, ஓடக் கூடாது, நாய்க்கும் அதன் சோற்றுக்கும் நடுவில் கையை நீட்டக் கூடாது.

"சுகன்யா," என்றேன், திரைக்குப் பின்னால் இருந்த மகளிடம், என்னால் முடிந்த அளவு மெதுவான குரலில். "முன்னால வராதே. பாப்பா காலைப் புடிச்சுப் பின்னால இழுத்துக்கோ."

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கை வந்து பாப்பாவின் காலைப் பிடித்தன. பாப்பா வழுவழுப்பான தரையில் பின்னால் சறுக்கிக்கொண்டு போனது. விளையாட்டு என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கஸ்தூரி குழந்தையின் சிரிப்பைக் கேட்டு வெளியே வந்தார். அவர் கண்ணில் பட்டது நாய் அல்ல. மீன் தலை. மீன் பிடிக்கிற குடும்பத்து மருமகள். குழந்தையின் தொண்டையில் முள் மாட்டுவதைவிடப் பெரிய பயம் அவருக்கு இல்லை. "ஐயோ, முள்ளு, முள்ளு!" என்று குனிந்து மீன் தலையை எடுத்தார்.

சத்தமே இல்லை. இதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? வேலையில் சேர்ந்ததிலிருந்து நாய்க்கடி பார்த்தவன் நான். கடிக்கு முன்னால் ஏதாவது இருக்கும். ஒரு உறுமல், பல் தெரிய ஒரு சீறல், ஒதுங்கிக்கொள்ள ஒரு கண நேரம். இங்கே ஒன்றும் இல்லை. அவர் கை தாழ்ந்தது. அடுத்த கணம் ராஜாவின் வாய் அதன் மேல் இருந்தது. விட்டான். மறுபடி குனிந்து சோற்றைத் தின்றான்.

கஸ்தூரியும் கத்தவில்லை. தன் கையை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். நாலு பல் இறங்கியிருந்தது. "உறுமவே இல்லியே" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. "முன்னல்லாம் உறுமுவான். நான் வெலகிக்குவேன். இப்ப உறுமவே இல்லியேடா."

"குழாயடிக்குப் போங்கம்மா. சோப்பு. தண்ணியைத் திறந்து விட்டு நான் போதும்ங்கற வரைக்கும் கழுவுங்க" என்றேன். அப்போதுதான் என் கையில் இறால் பை இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பையைக் கிழித்து ஒரு இறாலை ராஜாவுக்குப் பக்கத்தில் போட்டேன். அடுத்ததைக் கொஞ்சம் தள்ளி. அடுத்ததைப் பின்கட்டு வாசலில். மிச்சத்தைக் கொல்லை மூலையில் மொத்தமாக வீசினேன். ராஜா ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வெளியே போனான். பின்கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை, கயிறுதான். அதை இரண்டு முடிச்சாகக் கட்டினேன். திரும்பினால் ஏழுமலை கையில் இரும்புக் கம்பி.

"தள்ளு சார். எங்க சோத்த துன்னுட்டு எங்களையே..."

"கம்பியைப் போடு. முதல்ல அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ."

ராஜாவுக்கு என் மருந்தகத்தில்தான் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தோம். இருந்தாலும் கஸ்தூரியை அனுப்பினேன். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று யாரையும் சும்மா விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனை வாசலில், உள்ளே அவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ராஜாவுக்கு ஒரு ஊசி போட்டுடு சார். முட்ச்சிடு. பாப்பா மூஞ்சியா இருந்தா?"

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற சுகன்யா, "நைனா, அவன் ஊட்ல இருந்தா நான் இனிமே வரமாட்டேன். நாயா பேத்தியான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அந்த நேரத்தில் உங்களிடம் ஒரு முடிவு கேட்பார்கள். கோபத்தில் இருப்பவரும் கேட்பார், நாயின் மேல் பாசம் வைத்தவரும் கேட்பார். இருவருக்கும் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒரு வழி இருந்தது. கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்குள் அதைக் கொன்றுவிட்டால், நோய் இருந்ததா இல்லையா என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாமல் போய்விடும். அதைச் சொன்னேன். "பத்து நாள் கொல்லையில தனியா கட்டி வை. சுகன்யா, நீ இன்னிக்கே பாப்பாவோட உங்க வீட்டுக்குப் போயிடும்மா. பத்தாவது நாள் பேசலாம்."

அப்புறம் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "உன் பாய்லர்ல அழுத்தம் ஏறினா என்ன ஆகும்?"

"அலாரம் அடிக்கும்."

"அடிச்சா என்ன பண்ணுவே?"

"அழுத்தத்த எறக்குவேன்."

"சத்தம் காதைக் குடையுதுன்னு ஒயரை அறுத்து விட்டா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "எவனாவது அறுப்பானா சார்? மொத்தமா வெட்ச்சி..." அங்கேயே நின்றுவிட்டார். மருத்துவமனைச் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். கையில் கட்டோடு வெளியே வந்த கஸ்தூரி அவரைப் பார்த்து, "கடி எனக்கா இவருக்கா?" என்றார்.

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "அப்ப பங்கு போட்டது தப்பா சார்? நியாயமாத்தான போட்டேன்?"

"உங்க அப்பா எல்லார் கண்ணு முன்னாலயும் பங்கு போட்டாரு. மனுசங்களுக்கு அதுதான் நியாயம், அப்பதான் சந்தேகம் வராது. நாய்க்கு யார் கண்ணும் படாத இடத்துல துன்றதுதான் நியாயம். அப்பதான் பயம் வராது. பங்கைக் குறைக்கச் சொல்லலை. இடத்தைப் பிரின்னுதான் சொல்றேன்."

நான் அவருக்கு எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் கதவு போட வழியில்லாமல் இருந்திருந்தாலோ, அவர்கள் மறந்துபோகிற மனிதர்களாக இருந்திருந்தாலோ, ராஜா அங்கே இருக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். நாயைப் பழக்கலாம். ஆனால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பழக்கத்தை நம்ப முடியாது, தாழ்ப்பாளைத்தான் நம்ப முடியும்.

அந்தப் பத்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. கடைசி நாள் காலையில் ஏழுமலை வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ராஜா நன்றாக இருக்கிறான் என்றார். ஊசி போடச் சொல்லிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"ஆசாரிய கூட்டியாந்துக்கிறேன் சார். ரூமுக்கும் கதவு, கொல்லைக்கும் புது கதவு. தாப்பா உள்பக்கம் வெக்கறதா, வெளிப்பக்கமா? அத்த கேக்கத்தான் வந்தேன்."

"ரெண்டு பக்கமும்" என்றேன்.

தாம்பாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மூன்று தட்டு வந்தது. ஜிம்மிக்குக் கட்டிலுக்கு அடியில், குள்ளனுக்கு முன்கூடத்தில், ராஜாவுக்குக் கொல்லையில் கதவைச் சாத்தி. தின்று முடித்து நாய் தானாக விலகிய பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும். யாரும் அவன் தட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கை காயம் ஆறிய பிறகு, பெரியவர்கள் மட்டும், தட்டுக்கு எட்டத் தள்ளி நடந்து போகும்போது ஒரு இறாலோ கருவாட்டுத் துண்டோ வீசிவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். மனிதர் கிட்டே வந்தால் சோறு போகாது, வரும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். எண்ணாதே என்று சொன்னேன். நான்தான் இதைச் சொன்னேன் என்பதை என் மனைவி இன்னும் நம்பவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சாயங்காலம் ஃபோன் வந்தது. ஏழுமலை மூச்சு வாங்கினார்.

"சார்! ராஜா உறுமிட்டான் சார்!"

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "யாரை? யார் கிட்ட போனது?"

"கஸ்தூரிதான். துணி காய வெச்சிக்கினே தெரியாம தட்டுகிட்ட போயிட்டா. இரு, ஃபோன அங்க காட்றேன், இன்னும் உறுமிக்கினுதான் கீறான்."

ஏதோ உரசல். காற்று. பிறகு அது கேட்டது. தொண்டைக்குள்ளிருந்து, தாழ்வாக, நீளமாக. அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வேலை பார்த்தவன் நான். ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன். அதற்கு மேலே கஸ்தூரியின் குரல். "சரிடா ராசா, தெரியாம வந்துட்டேன். இதோ போயிட்டேன். நீ துன்னு." காலடிச் சத்தம் விலகியது. உறுமல் நின்றது. தட்டு சிமெண்ட் தரையில் உரசுகிற சத்தம் வந்தது.

அதற்குப் பின்னால், எங்கோ வீட்டுக்குள்ளிருந்து, மரக் கதவில் குட்டிக் கையால் அடிக்கிற சத்தமும் ஒரு சிரிப்பும் கேட்டன.

"ஏழுமலை, பாப்பா வந்திருக்கா? தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"ரெண்டு பக்கமும் சார்" என்றார்.